கல்லைத் தூக்கியது யார்? பூதமா, வேற்றுக்கிரகவாசியா, நம்ம ஆளுங்களா?



போன மாதம் மதிய இடைவேளையில் எங்க வகுப்பில் ஒரு சண்டை நடந்தது. ஒரு பையன் சொன்னான்: "தஞ்சாவூர் பெரிய கோயில் உச்சியில 80 டன் ஒத்தைக் கல்லு இருக்கு. அந்தக் காலத்துல கிரேன் கிடையாது, கரண்டு கிடையாது. மனுசனால அதத் தூக்க முடியுமா? வேற்றுக்கிரகவாசி வந்துதான் வச்சிட்டுப் போயிருக்கான். எங்க அண்ணன் போன்ல வீடியோவே இருக்கு." பக்கத்தில் இருந்தவள், "இல்லல, பூதம் ஒரே ராத்திரியில கட்டிச்சாம், எங்க ஆச்சி சொல்லியிருக்காவ" என்றாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் 'இருந்தாலும் இருக்குமோ' என்றுதான் தோன்றியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் எங்க தாத்தாவிடம் இதைச் சொன்னேன். எங்க தாத்தா கல் வேலை பார்த்தவர். கல் உடைத்திருக்கிறார், அம்மி, ஆட்டுக்கல், திருவை எல்லாம் செய்திருக்கிறார். மிக்சியும் கிரைண்டரும் வந்த பிறகு தெருத்தெருவாகப் போய் அம்மி கொத்திக் கொடுத்தார். ஒரு தடவை கல் சில்லு தெறித்து இடது கண்ணில் பட்டுவிட்டது. இப்போது அந்தக் கண் சரியாகத் தெரியாது. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு, "மனுசனால முடியாதுன்னு யாரு சொன்னது? அவன் ஒரு நாளாவது உளி பிடிச்சிருக்கானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் பேசவே இல்லை.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை. நூலகத்தில் படித்தது, அறிவியல் டீச்சர் சொன்னது, தாத்தா காட்டியது எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

முதலில் அந்த 80 டன் கல்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் முதலாம் இராசராச சோழன். விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. 1010ஆம் ஆண்டில், அவருடைய 25ஆவது ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்ததாகக் கோயில் கல்வெட்டே சொல்கிறது.

உச்சியில் உருண்டையாகத் தெரிவதற்குச் சிகரம் என்று பெயர். கீழே இருந்து பார்த்தால் ஒரே கல் போலத்தான் தெரியும். ஆனால் அது ஒரே கல் இல்லை! பல துண்டுகளாகச் செதுக்கி, ஆரஞ்சுச் சுளையைச் சேர்த்து வைத்த மாதிரி மேலே பொருத்தியிருக்கிறார்கள். கட்டட அமைப்பை ஆராய்ந்தவர்கள் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் 80 டன்னை ஒரேயடியாகத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை.

"கோபுர நிழல் கீழே விழாது" என்பதும் பொய்தான். காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தால் நிழல் நீளமாகத் தரையில் கிடக்கும். விமானம் அடியில் அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் இருக்கிறது. அதனால் உச்சி வெயிலில் நிழலின் பெரும்பகுதி அதன் மேலேயே விழுகிறது, அவ்வளவுதான்.

சரி, நிஜமாகவே 80 டன் கல்லாக இருந்தால் மனிதனால் முடியாதா? முடியும். எகிப்தில் பெரிய பிரமிடுக்குள் மன்னர் அறையின் மேல்கூரையில் உள்ள கருங்கல் பாளங்கள் 25 டன்னிலிருந்து 80 டன் வரை எடை இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவை அசுவான் என்ற ஊரிலிருந்து நைல் நதி வழியாகச் சுமார் 800 கிலோமீட்டர் வந்தவை. ரோமில் 1586ஆம் ஆண்டு சுமார் 330 டன் எடையுள்ள ஒற்றைக் கல்தூணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தி நிறுத்தினார்கள். 900 ஆட்களும், குதிரைகளும், கயிறு சுற்றும் மரச் சுழலிகளும்தான் அதற்கு உதவின. அப்போதும் கரண்டு கிடையாது, கிரேன் எஞ்சினும் கிடையாது. செய்தவர் பெயர் தோமெனிகோ பொன்தானா. எப்படிச் செய்தேன் என்று படம் போட்டுப் புத்தகமே எழுதி வைத்திருக்கிறார்.

பாதியில் நின்ற கோயில் சொல்லும் பாடம்

நம்ம தூத்துக்குடி மாவட்டத்திலேயே கழுகுமலை இருக்கிறது. அங்கே மலை மேலே வெட்டுவான் கோயில் என்று ஒரு கோயில். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் செய்தது. இதில் ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை வைக்கவே இல்லை. மலையையே சுற்றிலும் சுமார் 25 அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் நின்ற பாறையைக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

போன வருஷம் தாத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முருகனைக் கும்பிட்டுவிட்டு மலை ஏறினோம். மேல்பகுதி அவ்வளவு அழகு. தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிற சிற்பம் கூட இருக்கிறது. ஆனால் கீழே வர வர வேலை முடியாமல் நிற்கிறது. அடிப்பகுதி வெறும் பாறை. தாத்தா அந்த முடியாத இடத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "பாத்தியாட்டி, மேலருந்து கீழ வந்திருக்கான்" என்றார்.

எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. மேலே இருந்து வெட்டினால் சாரம் கட்ட வேண்டாம். வேலை பார்ப்பவன் நிற்கப் பாறையே இருக்கிறது. எந்தக் கல்லையும் தூக்க வேண்டாம். உடைத்த சில்லை அப்புறப்படுத்தினால் போதும். மேலே நுணுக்க வேலையை முடித்துவிட்டுக் கீழே இறங்கினால், முடித்த சிற்பத்தின் மேல் கல் விழுந்து உடையாது. ஒரே ஒரு கஷ்டம், தப்பாக வெட்டினால் ஒட்ட வைக்க முடியாது. அதனால் முதலிலேயே அளவு தெரிந்திருக்க வேண்டும்.

ஊரில் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். அப்பா சிற்பி கீழே கோயில் கட்டினாராம். மகன் மேலே அவரை விட நன்றாகச் செதுக்கினானாம். பொறாமையில் அப்பா மகனைக் கொன்றுவிட்டாராம், அதனால் கோயில் நின்றுபோனதாம். கதை நிஜமோ இல்லையோ, கதையில் வருகிறவர்கள் இரண்டு பேருமே மனிதர்கள்தான்.

மகாராட்டிரத்தில் எல்லோரா கைலாசநாதர் கோயிலும் இதே மாதிரி மேலிருந்து கீழே குடைந்ததுதான். அதுவும் 8ஆம் நூற்றாண்டு, இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருட்டிணன் காலம். வீடியோக்காரர்கள் அதையும் வேற்றுக்கிரகவாசி செய்ததாகச் சொல்கிறார்கள். ஒரே நூற்றாண்டில் நம்ம மாவட்டத்தில் பாதி வேலையில் நிற்கிற கோயில் அவர்கள் கண்ணில் படவில்லை போல.

எகிப்தில் அசுவானிலும் இப்படி ஒரு சாட்சி உண்டு. சுமார் 42 மீட்டர் நீளமுள்ள ஒரு கல்தூணைப் பாறையிலிருந்து வெட்டிக்கொண்டே இருக்கும்போது அதில் விரிசல் விழுந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டார்கள். அதைச் சுற்றி அவர்கள் தட்டித் தட்டி எடுத்த குழிகள் வரிசையாகத் தெரிகின்றன. தட்டுவதற்குப் பயன்படுத்திய கடினமான கல் உருண்டைகளும் கிடைத்திருக்கின்றன. மந்திரத்தால் செய்திருந்தால் விரிசல் ஏன் விழப்போகிறது? உளித் தடம் ஏன் இருக்கப்போகிறது?

கல்லைப் பிளப்பது எப்படி?

இது தாத்தா சொல்லிக் கொடுத்தது. முதலில் கல்லைத் தட்டி ஓசை கேட்க வேண்டும். நல்ல கல் 'டங்' என்று மணி மாதிரி கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால் 'டொக்' என்று மொக்கையாகக் கேட்கும். பிறகு பிளக்க வேண்டிய இடத்தில் நேர் கோட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழி போட வேண்டும். ஒவ்வொரு குழியிலும் இரும்பு ஆப்பு வைத்து, சம்மட்டியால் ஒன்று மாற்றி ஒன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் கல் கோணலாக உடையும். எல்லா ஆப்பும் சமமாக இறங்கினால் கோடு போட்ட மாதிரி பிளக்கும். மாமல்லபுரம் பாறைகளில் இப்படி வரிசையாகப் போட்ட குழிகளை இன்றும் பார்க்கலாம்.

உளி மழுங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கல் வேலை நடக்கும் இடத்தில் கொல்லன் பட்டறையும் இருந்தே ஆக வேண்டும். காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து எடுப்பார்கள். நம்ம பக்கத்து ஆள்களுக்கு இரும்பு புதுசும் இல்லை. திருநெல்வேலி போகிற வழியில் ஆதிச்சநல்லூர் இருக்கிறதே, அங்கே அலெக்சாண்டர் இரியா என்பவர் 1899 முதல் 1905 வரை தோண்டியபோது இரும்பு வாள், ஈட்டி போன்ற பொருள்கள் நிறையக் கிடைத்தன. அவை வெட்டுவான் கோயிலுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் முந்தியவை.

கல்லை இழுப்பது எப்படி?

எகிப்தில் செகுதிகோதெப் என்பவரின் கல்லறைச் சுவரில் ஒரு ஓவியம் இருந்தது. ஒரு பெரிய சிலையை மரச் சறுக்குக் கட்டையில் ஏற்றி ஏகப்பட்ட ஆட்கள் கயிறு கட்டி இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் ஒருவர் நின்றுகொண்டு முன்னால் இருக்கும் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். பலர் இதை ஏதோ பூசை என்று நினைத்தார்கள். 2014இல் நெதர்லாந்தில் ஆம்சுடர்டாம் பல்கலைக்கழகத்தார் சோதனை செய்து பார்த்தார்கள். மணலைச் சரியான அளவுக்கு ஈரமாக்கினால், இழுக்கத் தேவையான விசை பாதியாகக் குறைகிறது என்று கண்டார்கள்.

ஆம்சுடர்டாம் வரை போக வேண்டாம், நம்ம ஊர் கடற்கரை போதும். நானும் என் தோழியும் ஒரு பலகையில் செங்கல்லை வைத்து, நூல் கட்டி, நடுவில் ரப்பர் பேண்டு மாட்டி இழுத்துப் பார்த்தோம். காய்ந்த மணலில் பலகைக்கு முன்னால் மணல் குவிந்துகொண்டே வந்தது. ரப்பர் நன்றாக நீண்டது. ஈர மணலில் குவியவே இல்லை, ரப்பர் அவ்வளவு நீளவும் இல்லை. ஆனால் அலை வந்து சொதசொதவென்று ஊறிய இடத்தில் பலகை பதிந்துகொண்டது, மறுபடியும் கஷ்டம். ஆக தண்ணீரும் அளவோடுதான் இருக்க வேண்டும்.

அமலி நகர், வீரபாண்டியன்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. வள்ளத்தைக் கரையேற்றும்போது அடியில் கட்டை போட்டு, எல்லோரும் 'ஐலசா' சொல்லி ஒரே நேரத்தில் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தனித்தனியாக இழுத்தால் அசையாத வள்ளம், சேர்ந்து இழுத்தால் நகரும். சத்தம் போடுவது சும்மா இல்லை. எல்லோருடைய விசையும் ஒரே நொடியில் சேருவதற்காகத்தான்.

மேலே ஏற்றுவது எப்படி?

நம்ம அறிவியல் பாடத்தில் சாய்தளம், நெம்புகோல் எல்லாம் படித்தோமே, அதுதான். 10 அடி போனால் 1 அடி உயர்கிற மாதிரி மண் மேடு போட்டால், உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், 1000 கிலோ கல்லை இழுக்க 100 கிலோ தூக்குகிற அளவு விசை போதும். உராய்வையும் சேர்த்தால் கூடுதலாக வேண்டும். ஆனாலும் நேராகத் தூக்குவதை விட எவ்வளவோ குறைவு. தூரம் அதிகம், சுமை குறைவு. அவர்களுக்கு வேகம் வேண்டியதில்லை, நாள்தான் வேண்டும்.

தஞ்சாவூரைச் சுற்றிக் கல்மலை கிடையாது. கருங்கல் முழுக்கத் தூரத்திலிருந்து வந்தது. மேலே ஏற்றச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து மண் சாய்தளம் போட்டதாக அந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். சாய்தளம் நேராகப் போனதா, சுற்றிச் சுற்றிப் போனதா, மரச் சாரம் எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்துப் பிரமிடுக்கும் அப்படித்தான். இதைக் காட்டித்தான் வீடியோக்காரர்கள் "பாத்தீங்களா, யாருக்கும் தெரியலை, அப்ப வேற்றுக்கிரகவாசிதான்" என்கிறார்கள். எங்க அம்மா இட்லிக்கு எத்தனை மணிக்கு மாவு ஆட்டினாங்க என்று எனக்குத் தெரியாது. அதற்காக இட்லியைப் பூதம் அவித்தது என்று சொல்ல முடியுமா?

ஒரு சின்னக் கணக்கு

பெரிய பிரமிடில் சுமார் 23 லட்சம் கற்கள். சராசரி ஒரு கல் இரண்டரை டன். 20 வருஷம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 20 × 365 = 7300 நாள். 23,00,000 ÷ 7300 = ஏறக்குறைய 315. அதாவது ஒரு நாளைக்கு 315 கல். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் 105 குழு இருந்தால் ஒரு குழு ஒரு நாளைக்கு 3 கல் கொண்டுவந்தால் போதும்! (கணக்கு டீச்சர் சரிபார்த்து 'சரி' போட்டிருக்காங்க.)

அவங்க யாரு?

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தப் பகுதிதான். எகிப்தில் செங்கடல் கரையில் 2013ஆம் ஆண்டு பழைய பாப்பிரசுத் தாள்கள் கிடைத்தன. 4500 வருஷத்துக்கு முந்தியவை. அதில் மெரெர் என்ற ஒரு மேற்பார்வையாளர் தினக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். தூரா என்ற இடத்தில் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி, நைல் வழியாகப் பிரமிடு கட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதியிருக்கிறார். நம்ம ஊர்ல வேலைக் கணக்கு நோட்டுப் போடுவாங்களே, அதே மாதிரி.

பிரமிடுக்குப் பக்கத்தில் வேலைக்காரர்கள் தங்கிய ஊரையும், அவர்களைப் புதைத்த இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ரொட்டி சுட்ட இடம், அவர்கள் சாப்பிட்ட ஆடு மாட்டு எலும்பு எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் தனக்கு ஒரு பெயர் வைத்துக் கல்லில் எழுதியிருக்கிறது. ஒரு குழுவின் பெயர் 'மென்கௌரேயின் குடிகாரர்கள்'. மென்கௌரே என்பது ராசா பெயர்! புதைத்தவர்களின் எலும்புகளில் கை கால் முறிந்து, கட்டுப் போட்டு, மறுபடி கூடிய அடையாளம் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் இடது கண்தான் ஞாபகம் வந்தது. வேற்றுக்கிரகவாசிக்கு எதற்குக் கை முறியப்போகிறது?

தஞ்சாவூரிலும் அப்படித்தான். குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று கோயில் கட்டிய தலைமைத் தச்சரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கோயிலில் ஆடிய 400 பெண்களின் பெயர்கள் கூட இருக்கின்றன. கல் இழுத்தவர்கள், கயிறு திரித்தவர்கள், சுமந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சியவர்கள், அவர்கள் பெயர் மட்டும் நமக்கு இல்லை. பெயர் இல்லாததால்தான் அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் பூதத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள்.

நம்ம ஊர்க் கோபுரம்

நம்ம கோயிலின் மேலக்கோபுரம் 9 நிலை, 137 அடி. அதைக் கட்டியதைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை உண்டு. தேசிகமூர்த்தி சுவாமிகள் கட்டும்போது கூலி கொடுக்கப் பணம் இல்லை. வேலையாட்களுக்கு இலை விபூதி கொடுத்து, "தூண்டுகை விநாயகர் கோயில் தாண்டிப் போய்த் திறந்து பாருங்க" என்றாராம். திறந்து பார்த்தால் அவரவர் வேலைக்கு ஏற்ற காசு இருந்ததாம்.

இதை நிறைய தடவை கேட்டிருக்கிறேன். இந்தத் தடவைதான் ஒன்றைக் கவனித்தேன். இந்தக் கதையில் முருகன் கோபுரத்தைத் தூக்கி வைக்கவில்லை. கல் சுமந்தது, செங்கல் அடுக்கியது எல்லாம் வேலையாட்கள். சாமி செய்தது அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியைக் கொடுத்தது. நம்ம முன்னோர் கதை சொல்லும்போது கூட வேலை பார்த்தவனை மறக்கவில்லை.

அதற்குப் பிறகும் இப்படித்தான். பழைய கோயிலின் மணற்பாறைக் கல்லைக் கடல் காற்று அரித்துவிட்டதால், மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி என்று மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் கருங்கல் திருப்பணி செய்து, 1941இல் குடமுழுக்கு நடந்தது. 2025 சூலை 7 குடமுழுக்குக்கு முன்னால் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அத்தனை உயரத்தில் எறும்பு மாதிரி ஆட்கள் நின்றார்கள். ஆயிரம் வருஷம் கழித்து அந்தச் சாரம் இருக்காது. அப்போதும் யாராவது "இத மனுசன் செஞ்சிருக்க முடியாது" என்பார்களோ?

ஏன் இது முக்கியம்?

வேற்றுக்கிரகவாசிக் கதையை உலகம் முழுக்கப் பரப்பியதில் பெரிய பங்கு எரிக் வான் தேனிகன் என்பவர் 1968இல் எழுதிய ஒரு புத்தகத்துக்கு உண்டு. கவனித்துப் பாருங்கள். ஐரோப்பாவில் உள்ள பெரிய கல் தேவாலயங்களை வேற்றுக்கிரகவாசி கட்டியதாக யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எகிப்து, மெக்சிகோ, இந்தியா என்றால் மட்டும் "இவங்களால எப்படி முடியும்?" என்கிறார்கள். நம்மை மெச்சுவது மாதிரித் தெரியும். உண்மையில் நம்ம ஆட்களின் வேலையைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுப்பதுதான் அது.

கடைசியாக ஒன்று. சண்டை போட்ட அந்தப் பையனைப் போன சனிக்கிழமை எங்க வீட்டுக்குக் கூப்பிட்டேன். தாத்தா ஒரு பழைய அம்மியையும் உளியையும் அவன் கையில் கொடுத்து, "கொத்து பாப்போம்" என்றார். பத்து நிமிஷத்தில் அவனுக்குக் கை கொப்புளித்துவிட்டது. "எப்படித் தாத்தா நாள் முழுக்க அடிச்சீங்க?" என்று கேட்டான். தாத்தா சிரித்துக்கொண்டே, உளியை எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அரை மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார். திண்ணைக்குப் போகவில்லை.

இனிமேல் யாராவது "மனுசனால முடியாது" என்று சொன்னால், "எந்த மனுசனால?" என்று திருப்பிக் கேளுங்கள்.



செய்து பாருங்கள்: பலகை, செங்கல், நூல், ரப்பர் பேண்டு. காய்ந்த மணல், ஈர மணல், ஊறிய மணல் மூன்றிலும் இழுத்து, ரப்பர் எவ்வளவு நீள்கிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள்.

சிந்திக்க: உங்க வீட்டு அம்மியை யார் செய்தார்கள்? வீட்டில் கேட்டு, பெயர் தெரிந்தால் இந்தத் தாளின் கீழே உள்ள காலி இடத்தில் எழுதுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி